ஓர் இரும்புக் கட்டிக்குள் ஒரு பொம்மை

குழந்தை உள்ள வீட்டில் சோபாவுக்கு அடியில் ஒரு லெகோ கட்டை கட்டாயம் கிடக்கும். அசல் லெகோ இல்லையென்றால் அதன் சித்தப்பா மகன் ஒன்றாவது இருக்கும். அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே எட்டுக் குமிழ், கீழே வெற்றிடம், நடுவில் மூன்று குழாய், உட்பக்கம் எங்கேயோ பொடி எழுத்தில் ஓர் எண். இந்த உருவத்தில் பாதிதான் விளையாடுகிற குழந்தைக்காக வந்தது. மீதியை அதை வார்த்த மோல்டு, அதாவது இரும்பு அச்சு, கேட்டு வாங்கியிருக்கிறது.

அம்பத்தூரில் ஒரு சின்ன டூல் ரூமில், அதாவது மோல்டு செய்கிற பட்டறையில், சில வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே மோல்டைப் பெரும்பாலும் ‘டை’ என்றுதான் சொல்வோம். கடையில் பொம்மை வாங்கும்போது இன்றைக்கும் முதலில் தலைகீழாகத் திருப்பித்தான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் எந்த வழியாக உள்ளே போயிருக்கிறது, மோல்டு எங்கே பிரிந்திருக்கிறது, பொம்மையை வெளியே தள்ளும் ‘பின்’ கம்பி எங்கே பட்டிருக்கிறது என்று கண் போய்விடும். என் மனைவிக்கு இதில் தீராத எரிச்சல்.

பொம்மை வார்க்கிற இன்ஜெக்ஷன் மோல்டிங் மிஷின் செய்கிற வேலையைச் சொல்வது சுலபம். பிளாஸ்டிக் குருணையைச் சூடான பீப்பாய்க்குள் ஒரு திருகு தள்ளிக்கொண்டே போய் உருக்கும். லெகோ கட்டைக்குப் போடுகிற ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் என்றால் சுமார் 230 டிகிரி. உருகியதை, இறுக்கி மூடிய இரும்பு மோல்டுக்குள் அழுத்தத்தோடு பாய்ச்சும். மோல்டில் ஓடும் தண்ணீர் அதைக் குளிர்விக்கும். திறந்தால் பொம்மை விழும். இட்லித் தட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்தான்: இட்லிக்குக் கீழ்ப்பக்கம் மட்டும்தான் அச்சு, மேல்பக்கம் அது இஷ்டத்துக்கு உப்பும். மோல்டில் இரண்டு பக்கமும் இரும்பு. வெளிப்பக்கத்தைக் கொடுக்கும் குழிக்குக் கேவிட்டி என்று பெயர். உட்பக்கத்தைக் கொடுக்கும் மேடு கோர். இரண்டுக்கும் நடுவே விடப்படும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் சந்துதான் பொம்மை.

டென்மார்க்கின் பில்லுண்டில் மரப்பொம்மை செய்துகொண்டிருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், லெகோவைத் தொடங்கியவர், 1946-ல் இப்படியொரு மிஷினை வாங்கினார். இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் செய்த பிளாஸ்டிக் கட்டைகளைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, 1949-ல் தன் கட்டைகளை வெளியிட்டார். அவற்றின் அடியில் வெறும் வெற்றிடம்தான். ஒன்றின் மேல் ஒன்று உட்காரும், ஆனால் சரியாகப் பிடிக்காது. மகன் காட்ஃபிரட் 1958 ஜனவரி 28 அன்று அடியில் குழாய் வைத்த கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். குமிழ் ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் குழாயிலும் நெருக்கப்பட்டு நிற்கும். கட்டை பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான். 1963-ல் செல்லுலோஸ் அசிடேட்டை விட்டு ஏபிஎஸ்ஸுக்கு மாறினார்கள். பழைய பிளாஸ்டிக் நாளாக ஆக நெளியும், நிறம் மங்கும். நெளிகிற பிளாஸ்டிக்கில் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு பேசுவதில் அர்த்தமில்லை.

கணக்கு என்றேன் அல்லவா, அதைப் பார்ப்போம். எட்டுக் குமிழ்க் கட்டையின் நீளம் 31.8 மில்லிமீட்டர். மோல்டில் 31.8 என்றே குழி வெட்டினால் கட்டை சிறியதாகத்தான் வரும், ஏனென்றால் ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். சரி, 0.5 என்று எடுத்துக்கொண்டு 31.96 என்று வெட்டுகிறோம். நிஜத்தில் அது 0.6 சுருங்கினால் கட்டை 31.77-ல் வந்து நிற்கும். நூறில் மூன்று பங்கு மில்லிமீட்டர் குறைவு. சோப்பு டப்பாவில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். லெகோவோ 5 மைக்ரான், அதாவது 0.005 மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியமான மோல்டுகளைப் பற்றிப் பேசுகிற நிறுவனம். அங்கே 30 மைக்ரான் என்பது மலை.

அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வந்தாலாவது பரவாயில்லை. பிளாஸ்டிக் பாய்ந்த திசையில் ஒரு அளவு, குறுக்கே இன்னொரு அளவு. தடித்த இடத்தில் அதிகம், மெல்லிய இடத்தில் குறைவு. நிறம்கூட விளையாடும்: பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் சில நீல, பச்சை நிறமிகளைப் போட்டால் சுருக்கம் மாறிவிடும். சிவப்பில் கச்சிதமாக மூடிய மூடி நீலத்தில் மூட மறுக்கும். மிஷின் ஆபரேட்டர் மோல்டைத் திட்டுவார், மோல்டு செய்தவர் மெட்டீரியலைத் திட்டுவார்.

இந்த நிச்சயமின்மையைச் சமாளிக்க டூல் ரூம்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரும்பை எடுக்கலாம், திரும்ப வைக்க முடியாது. சந்தேகம் வந்தால் இரும்பை விட்டுவை. குழியைக் கொஞ்சம் சிறியதாக வெட்டு, கோரைக் கொஞ்சம் பெரியதாக வை. ட்ரையல் பார்த்துவிட்டு மீதியைச் சுரண்டிக்கொள்ளலாம். லெகோ மாதிரிக் கட்டைக்கு இந்தச் சட்டத்தைப் பொருத்தினால் வேடிக்கையான விஷயம் ஒன்று தெரியும். குமிழை வார்ப்பது இரும்பில் இருக்கும் ஒரு துளை. அது வேண்டியதைவிடப் பெரிதாகிவிட்டால் குமிழ் தடித்து, கட்டைகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். அப்புறம் வழியில்லை. ஆகவே முதல் ட்ரையலில் கட்டை லூஸாக இருந்தால் மோல்டு செய்தவர் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். இறுக்கமாக வந்தால்தான் வயிற்றைக் கலக்கும். வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் வெல்டிங் வைத்த இடம் பாலிஷ் போட்டபின் தழும்பு மாதிரி தெரியும், அந்தத் தழும்பு அப்படியே ஒவ்வொரு பொம்மையிலும் விழும்.

சுருக்கத்தால் ஒரு நல்லதும் உண்டு. ஆறும் பிளாஸ்டிக் உள்நோக்கிச் சுருங்கி கோரைக் கவ்விக்கொள்ளும், கேவிட்டியை விட்டு விலகும். மோல்டு திறக்கும்போது பொம்மை கோர் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம். அந்தப் பக்கத்தில்தான் எஜெக்டர் பின்கள் இருக்கின்றன, அவை தள்ளிவிடும். பொம்மையின் உட்புறத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் தெரிகின்றனவே, அவை அந்தப் பின்கள் தள்ளிய இடம். ஆனால் கவ்விய பிடி விடவும் வேண்டுமே. எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் சுலபமாகக் கழன்று வருவது அவற்றின் பக்கம் சாய்வாக இருப்பதால்தான். பொம்மைக்கும் அதே சாய்வு வேண்டும். அரை டிகிரி, ஒரு டிகிரி போதும். மேற்பரப்பில் சொரசொரப்பான டெக்ஸ்ச்சர் வேண்டுமென்றால் இன்னும் கூட்ட வேண்டும். லெகோ மாதிரிக் கட்டைக்கு இங்கேதான் தலைவலி. தாராளமாகச் சாய்வு கொடுத்தால் பக்கத்தில் பக்கமாக அடுக்கும்போது ஆப்பு வடிவத்தில் இடைவெளி தெரியும். சாய்வைக் குறைத்தால் இரும்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டும்.

இப்போது அந்த வெற்றிடத்துக்கு வருவோம். கட்டையை ஏன் கெட்டியாகவே வார்க்கக்கூடாது? பிளாஸ்டிக் செலவு ஒரு காரணம்தான், முக்கியக் காரணம் அதுவல்ல. ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கெட்டிக் கட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் மோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அதற்குள் மெல்லிய சுவருள்ள கட்டைகள் சில சுற்று விழுந்திருக்கும். காத்திருந்து எடுத்தாலும் நடுப்பகுதி கடைசியில் ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுக்கும். கன்னத்தில் குழி விழுந்த மாதிரி ஒரு பள்ளம் வரும். அதற்குச் சிங்க் மார்க் என்று பெயர். மலிவான பொம்மைத் துப்பாக்கியின் பிடியில், உள்ளே ஸ்க்ரூ கம்பம் இருக்கிற இடத்துக்கு நேர் வெளியே தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படும். அதனால்தான் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும் என்பார்கள். உள்ளே முட்டுக்கொடுக்கும் ரிப்பை, சுவரில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் வைக்க வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு சின்னக் கார் பொம்மை வந்தது. உள்ளங்கையில் அடங்கும். டிசைன் செய்தவர் அச்சாணி போக பக்கவாட்டில் நான்கு வட்டத் துளை வைத்திருந்தார். மோல்டு மேலும் கீழுமாகத்தான் திறக்கும். பக்கத்துத் துளையை உருவாக்க வேண்டுமானால் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வருகிற இரும்புத் துண்டு, அதாவது ஸ்லைடர் வேண்டும். சாய்வாக நிற்கும் ஒரு பின் மோல்டு திறக்கும் வேகத்திலேயே அதை இழுக்கும், மூடும்போது தள்ளும். இரண்டு பக்கமும் ஸ்லைடர் வைத்தால் மோல்டு பெரிதாகும், செலவு ஏறும், தேய்மானமும் கூடும். நான் மும்முரமாக ஸ்லைடர் வரைந்துகொண்டிருந்தேன். ஃபிட்டர் அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

“அந்த ஓட்டை ஏன் தம்பி வட்டமா இருக்கணும்?”

“அச்சாணி வட்டம்தானே அண்ணே.”

“அச்சாணி வட்டமா இருக்கட்டும். ஓட்டையக் கீழ வரைக்கும் தொறந்து விட்டுடு. வாயைக் கொஞ்சம் குறுக்கு. அச்சாணியை அழுத்தினா டப்னு உக்காந்துக்கும்.”

அவ்வளவுதான். கீழே திறந்த, தலைகீழ் ‘ப’ வடிவப் பிளவு, வாயில் ஒரு சின்ன நெருக்கம். அது கோரோடு சேர்ந்தே கழன்றுவரும், ஸ்லைடரே வேண்டாம். போதாததற்குச் சக்கரம் மாட்டுகிற வேலையும் குறைந்தது. கடைகளில் சின்னக் கார்களைத் திருப்பிப் பாருங்கள், பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். குழந்தைக்கு அந்தப் பிளவால் ஒரு பயனும் இல்லை.

இனி இரும்பு வெட்டும் வேலை. மோல்டின் வெளிக்கூடு, அதாவது தட்டுகள், கைடு பில்லர்கள் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். கேவிட்டியும் கோரும்தான் நம் வேலை. சில லட்சம் பொம்மைகள் போதும் என்றால் பி20 ஸ்டீல். ஏறக்குறைய 30 எச்ஆர்சி (இரும்பின் கடினத்தை அளக்கும் அளவு) கடினத்தில் வரும், அப்படியே மில்லிங்கில் ஏற்றலாம். வருஷக்கணக்கில் ஓட வேண்டுமானால் எச்13 மாதிரி ஸ்டீலை வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட்டில் 50 எச்ஆர்சி வரை கடினமாக்கி, அதன்பின் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹீட் ட்ரீட்மென்ட் போய்வந்த இரும்பு போன மாதிரி திரும்பாது, லேசாக நெளியும். அதனால் முன்கூட்டியே கொஞ்சம் சதை விட்டு அனுப்புவோம்.

விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மில்லிங் மிஷினில் முதலில் பெரிய கட்டரால் குடைந்து எடுப்போம். பிறகு முனை உருண்ட சின்னக் கட்டர்களால் மேற்பரப்பை இழைப்போம். இங்கே ஒரு இடக்கு இருக்கிறது. சுழலும் கட்டர் வட்டமானது. 2 மில்லிமீட்டர் கட்டரால் குழிக்குள் ஒரு மூலையை வெட்டினால் அந்த மூலையில் 1 மில்லிமீட்டர் வளைவு தங்கிவிடும். கூரான உள்மூலை, ஆழமான மெல்லிய பள்ளம், காரின் முன்பக்கக் கிரில் கோடுகள் இவற்றுக்கெல்லாம் கட்டர் போகாது. அப்போதுதான் ஸ்பார்க் மிஷின்.

ஸ்பார்க்குக்கு வேண்டிய எலெக்ட்ரோடு செம்பிலோ கிராஃபைட்டிலோ பொம்மையின் வடிவத்திலேயே செய்யப்படும். எங்கள் காருக்காகச் செம்பில் ஒரு குட்டிக் கார் செய்தோம். கதவுக் கோடு, கண்ணாடி விளிம்பு எல்லாம் அதில் உண்டு. எண்ணெய்த் தொட்டிக்குள் அதை இரும்புக்கு அருகே இறக்கினால் இடையில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் துளியூண்டு அரித்து எடுக்கும். செம்பு இரும்பைத் தொடவே தொடாது. பொறிக்கும் இடம் வேண்டும் என்பதால் செம்புக் காரை ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சிறியதாகச் செய்வோம். முரட்டு வேலைக்கு ஒன்று, நைஸ் வேலைக்கு இன்னொன்று. வேலை முடிந்த எலெக்ட்ரோடுகளை அலமாரியில் வரிசையாக வைத்திருப்போம். பொம்மைக் கடையைவிட அழகாக இருக்கும். ஃபோர்மேனின் மகன் ஒருநாள் வந்தபோது அதைத்தான் கேட்டான், பிளாஸ்டிக் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லெகோ கட்டையின் அந்த மூன்று குழாய்களை நம் டூல் ரூமில் எப்படிச் செய்வோம்? குழாயின் வெளிவிட்டம் சுமார் 6.5, உள்விட்டம் 4.8. சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதை இரும்பில் ஒரு வளையப் பள்ளமாகக் குடைவது கொடுமை. குடைய மாட்டோம். கோரில் 6.5-க்கு நேராக ஒரு துளை போட்டு, அதன் நடுவே 4.8 பின் ஒன்றை நிறுத்துவோம். இடையில் மிச்சமிருக்கும் சந்துதான் குழாய். அந்தச் சந்துக்குள்ளேயே குழல் மாதிரியான ஸ்லீவ் எஜெக்டரை விட்டால், அது குழாயை அடியிலிருந்து வளையமாகத் தள்ளும். ட்ரையலில் அளவு சரியில்லை என்றால் பின்னை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வைக்க முடியாத இரும்பை இந்த ஒரு வழியில் வைத்துவிடலாம்: எங்கே அளவு மாறக்கூடும் என்று பயமாக இருக்கிறதோ, அங்கே தனித்துண்டாகப் போடு.

இரண்டு பாதியும் தயாரானதும் புளூ அடிப்போம். ஒரு பாதியில் நீல மையை மெல்லிசாகத் தடவி, மூடித் திறந்து, மறு பாதியில் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. ஒட்டாத இடத்தில் இடைவெளி இருக்கிறது. 0.05 மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் போதும், உருகிய பிளாஸ்டிக் அதில் புகுந்து பிசிறாக நீட்டிக்கொள்ளும். இடைவெளியே இல்லாமல் மூடிவிட்டால் அது வேறு வம்பு. உள்ளே இருந்த காற்று போக வழியில்லாமல் மூலையில் சிக்கி, அழுத்தத்தில் சூடேறி, பிளாஸ்டிக்கைக் கருக்கிவிடும். டீசல் இன்ஜினில் எரிபொருள் பற்றுவது இதே முறையில்தான். அதனால் வேண்டுமென்றே 0.02, 0.03 ஆழத்தில் காற்றுப் பாதைகளைத் தேய்த்துவிடுவோம். காற்று போகும், பிளாஸ்டிக் போகாது.

எங்கள் காரின் முதல் ட்ரையல் ராத்திரி பத்து மணிக்கு நடந்தது. நாலைந்து ஷாட் அரைகுறையாக வந்தது எதிர்பார்த்ததுதான். அழுத்தத்தைக் கூட்டினோம், முழுதாக நிரம்பியது. மோல்டு திறந்தது. கோர் பக்கம் வெறுமையாக இருந்தது. கார் கேவிட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. அந்தப் பக்கம் தள்ள ஒரு பின்னும் கிடையாது. பித்தளைக் கம்பியால் நோண்டி எடுத்தோம். ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் பாலிஷ் போய்விடும். காரணம் கிரில் கோடுகள். ஸ்பார்க் விட்ட சொரசொரப்பை நான் பாலிஷ் கல்லால் பக்கவாட்டில் தேய்த்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறுக்குக் கீறல்களை பிளாஸ்டிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாலிஷ் எப்போதும் பொம்மை கழலும் திசையில் போட வேண்டும் என்பதை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி இரண்டரை மணிவரை ஒரு சின்ன கிரில்லை மேலும் கீழுமாகத் தேய்த்தபோதுதான் மண்டையில் ஏறியது.

பிசிறு என்றேனே, பொம்மையில் அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. குழந்தையின் விரலைக் கிழிக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 9873 தரத்தில் கூர் விளிம்பும் கூர் முனையும் சோதிக்கப்படுகின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கான பொம்மை என்றால் ஒரு சிறிய உருளையில் போட்டுப் பார்ப்பார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். பொம்மையோ, கழன்று விழுந்த துண்டோ அதற்குள் முழுதாக அடங்கினால் தொண்டையிலும் சிக்கும் என்று அர்த்தம். லெகோவின் எட்டுக் குமிழ்க் கட்டை அதற்குள் தாராளமாக அடங்கும். சின்னப் பிள்ளைகளுக்கான டூப்ளோ கட்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. அது அடங்காது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். மோல்டு நான்கு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பொம்மை வார்த்தால் ஒன்றுக்கு நான்கு ரூபாய் மோல்டு செலவு. ஆயிரம் மட்டும் வார்த்தால் நானூறு ரூபாய். நம் ஊர்த் திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைகள் இருபது வருஷமாக ஒரே முகத்தோடு இருப்பது இதனால்தான். புது முகம் வேண்டுமென்றால் புது இரும்பு வேண்டும். போட்ட காசைத் திரும்ப எடுத்த பழைய மோல்டோ, கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். புதுமை இல்லை என்று பொம்மைக்காரர்களைக் குறை சொல்பவர்கள் ஒரு மோல்டு கொட்டேஷனை வாங்கிப் பார்க்கலாம்.

செலவைக் குறைக்க ஒரே மோல்டில் பல குழி வைப்பார்கள். அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. எட்டுக் குமிழ்க் கட்டையின் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோ அழுத்தம் என்றால், ஒரு கட்டை மட்டுமே மோல்டை 2 டன் விசையோடு திறக்கப் பார்க்கும். எட்டுக் குழி என்றால் 16 டன். குழிகளுக்குப் பிளாஸ்டிக் ஓடிப்போகும் வாய்க்காலான ரன்னரையும் சேர்த்து அதற்கு மேல் இறுக்கிப் பிடிக்கிற மிஷின் வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் பிசிறுதான்.

அந்த எட்டுக் குழியும் ஒரே கையால் வெட்டப்பட்டாலும் எட்டும் ஒன்றுபோல் தேயாது. அதற்குத்தான் கட்டையின் உட்புறத்தில் அந்தப் பொடி எண். எந்த மோல்டு, அதில் எத்தனையாவது குழி என்று அது சொல்லும். மூட்டை மூட்டையாகக் கட்டை குவிந்த பிறகு ஒன்று லூஸாக இருக்கிறது என்று தெரிந்தால், திருப்பி எண்ணைப் பார்ப்பார்கள். ஆறாவது குழி என்றால் ஆறை மட்டும் கழற்றிப் பின்னை மாற்றுவார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஆர்டர் அவசரமாக இருந்தால் அதுகூட இல்லை, ஆறாவது குழிக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாயான ‘கேட்’டை அடைத்துவிட்டு மீதி ஏழோடு ஷிஃப்ட்டை ஓட்டுவார்கள்.